சத்திரசிகிச்சைக்குப் பிறகு இறங்கிய நிறை மறுபடி ஏறுகிறது: எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

வணக்கம். 2019 ஆம் ஆண்டு எனக்கு ஸ்லீவ் முறையில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. அப்போது 116 கிலோவாக இருந்த நிறை ஒன்றரை ஆண்டுக்குள் 80 கிலோவுக்கு இறங்கியது. நீரிழிவு மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் நிறுத்தப்பட்டன. முழங்கால் வலி குறைந்து, மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் படியேறியே போகத் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்ற நிறை, அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கூடி இப்போது 93 கிலோவுக்கு வந்துவிட்டது. அண்மையில் செய்த குருதிப் பரிசோதனையில் சீனியின் அளவும் எல்லையைத் தாண்டியிருக்கிறது.

இரைப்பை மறுபடி விரிந்துவிட்டதா என்பதுதான் என் முதல் கேள்வி. ஐந்து நாட்கள் திரவ உணவில் மட்டும் இருந்தால் விரிந்த இரைப்பை பழையபடி சுருங்கிவிடும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள், அது உண்மையா? இன்னும் சிலர் நிறையைக் குறைக்கும் ஊசி போட்டால் போதும் என்கிறார்கள். கிளினிக்குக்குத் திரும்பிப் போகலாம்தான். ஆனால் தராசில் ஏறியவுடன் என்ன சொல்வார்களோ என்ற தயக்கத்திலேயே நாட்கள் போகின்றன. "வயிற்றை வெட்டியும் பிரயோசனம் இல்லாமற் போய்விட்டதே" என்று கல்யாண வீடுகளில் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டுக் களைத்துப்போன எனக்கு, அதையே வைத்தியரின் வாயாலும் கேட்க மனம் வரவில்லை. இந்த நிலையைக் கடந்து வந்தவர்களும் தொழில்முறையில் இதை அறிந்தவர்களும் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தங்கச்சி, சத்திரசிகிச்சை விடுதிகளில் பல ஆண்டுகள் பணிசெய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்கு நடந்திருப்பது இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பலருக்கும் நடப்பது. சுவீடனில் 1987 இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரையும் செய்துகொள்ளாத அதேயளவு பேரையும் நீண்ட காலம் பின்தொடர்ந்தார்கள். பைபாஸ், அதாவது இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் சத்திரசிகிச்சை, செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் தங்கள் நிறையில் சராசரியாக 32 வீதத்தை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 வீதமாக நின்றது. அதாவது நன்றாக இறங்கியவர்களிடத்திலும் ஒரு பகுதி திரும்பி வந்தது. சிகிச்சை செய்துகொள்ளாதவர்களின் நிறையில் அந்தப் பத்து ஆண்டுகளில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. நீங்கள் 116 இல் தொடங்கி இன்று 93 இல் நிற்கிறீர்கள். தொடக்க நிறையில் ஐந்தில் ஒரு பங்கு இன்னும் குறைவாகவே இருக்கிறது. உங்கள் சொந்தக்காரர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

ஏன் ஏறுகிறது என்றால், பெருமளவு நிறையை இழந்த உடல் முன்பைவிடக் குறைந்த சக்தியில் வாழப் பழகிக்கொள்கிறது. அதே நேரத்தில் பசியைத் தூண்டும் சமிக்ஞைகள் வலுக்கின்றன. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. கிரெலின் என்ற பசி ஹோர்மோனைப் பெருமளவில் சுரக்கும் மேற்பகுதியும் அதனோடு போய்விடுவதால் முதல் ஆண்டில் பசியே தெரியாது. அந்தச் சலுகைக் காலம் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் தளர்கிறது. உடற்பருமன் நீரிழிவைப் போன்ற நீண்டகால நோய். அது திரும்புவதை ஒழுக்கக் குறைவு என்று சொல்பவர், வைத்தியராகவே இருந்தாலும், நோயை விளங்கிக்கொள்ளவில்லை என்பதே என் உறுதியான கருத்து.

இரைப்பை விரிந்ததா என்பதை வீட்டிலிருந்து ஊகிக்க முடியாது. காலப்போக்கில் ஓரளவு நெகிழ்வது இயல்பு. நிறை கூடியதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற திரவத்தைக் குடிக்கக் கொடுத்து எடுக்கும் படம் அல்லது வாய்வழியே கமெராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கொப்பி செய்து பார்க்க வேண்டும். ஐந்து நாள் திரவ உணவு இரைப்பையைச் சுருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த நாட்களில் தராசில் குறைவது பெரும்பாலும் உடலில் தேங்கியிருந்த நீர். சோற்றுக்குத் திரும்பியதும் அதுவும் திரும்பிவிடும். நீங்கள் மறுபடி நீரிழிவு மாத்திரை ஏதாவது எடுக்கத் தொடங்கியிருந்தால், அப்படிப் பட்டினி கிடப்பதால் சீனி திடீரென்று இறங்கி மயங்கிவிழவும் கூடும். ஆகவே கிளினிக்குக்குப் போவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்டீரொயிட், இன்சுலின், மன அழுத்தத்துக்கும் நித்திரைக்கும் தரப்படும் மிர்டசபின், வலிப்புக்குத் தரப்படும் சோடியம் வல்புரோவேட் முதலியவை நிறையைக் கூட்டக்கூடியவை. இவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாற்று உண்டா என்று வைத்தியர்தான் பார்க்க வேண்டும். தைரொயிட், குருதி எண்ணிக்கை, உடலில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், விற்றமின் பி12, விற்றமின் டி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சீனிப் பரிசோதனை ஆகியவற்றையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

பம்பலப்பிட்டி கணக்காளர் எழுதியது:

சகோதரி, தாதி அம்மா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் உயிரியலைக் காரணம் காட்டிவிட்டு உணவைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லதல்ல. எனக்கு 2016 இல் பைபாஸ் நடந்தது. நிறை ஏறத் தொடங்கியபோது வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதிவைத்தேன். மூன்று வேளைச் சாப்பாட்டில் குறை எதுவும் தெரியவில்லை. கோப்பைகளிலும் பிளேட்டுகளிலும் இடையிடையே போனவைதான் கணக்கைக் கூட்டின. கந்தோரில் காலையும் பின்னேரமும் பால் தேநீர் வரும். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் எட்டு கிராம், ஐந்து கோப்பைக்கு நாற்பது கிராம். அதோடு கூட்டம் நடக்கும் நாட்களில் ரோல்ஸ், பற்றிஸ், மாலு பான் அடங்கிய தட்டு மேசையின் நடுவில் வைக்கப்படும். வீட்டில் மிக்சர், 100 கிராம் மிக்சரில் 500 கலோரி அளவில் இருக்கிறது, அதைப் படம் பார்த்துக்கொண்டே உண்ணலாம், வயிறு நிறைந்த உணர்வே வராது.

சத்திரசிகிச்சை தடுப்பது ஒரே நேரத்தில் உள்ளே போகக்கூடிய கெட்டியான உணவின் அளவை. தேநீரும், அதில் தோய்த்துக் கரைந்துபோகும் பிஸ்கட்டும், ஐஸ்கிறீமும், மைலோவும் தங்காமல் இறங்கிவிடுகின்றன. சாப்பிடும்போதே தண்ணீர் குடித்தாலும் வயிறு நிறைந்த உணர்வு சீக்கிரம் போய்விடும். அதனால்தான் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் எதுவும் குடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆண்டுகள் போகப் போக இந்த ஒரு விதி எல்லார் வீட்டிலும் மறைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். குளிர்பானம் வாங்குவோர் போத்தலில் உள்ள நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் நம் நாட்டில் அது கட்டாயம். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்பு வட்டமுள்ள எதுவும் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வருவதில்லை.

கொட்டாஞ்சேனை வாசி எழுதியது:

கணக்காளர் அண்ணா சொன்ன இனிப்பு விடயத்துக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பைபாஸ் செய்தவர்கள் இதை அவசியம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இனிப்போ வெள்ளை மாவோ கூடுதலாக உண்டால், இரண்டு மணித்தியாலம் கழித்துக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருண்டு வரும். இனிப்பு குடலுக்குள் வேகமாக இறங்குவதால் உடல் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கிறது. அதன் விளைவாகக் குருதியில் சீனி கீழே விழுகிறது. உடனே எல்லோரும் செய்வது ஒரு டொபி அல்லது சீனித் தேநீர். அது அடுத்த சுற்றுக்கு விதை போடுகிறது. இப்படி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை நடந்தால் நிறை ஏறாமல் என்ன செய்யும்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது இனிப்பு ஆசையாகத் தெரியும். உள்ளே நடப்பது சீனி வீழ்ச்சி. கிளினிக்கில் இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது: இடியப்பத்தையும் பாணையும் குறைத்து, ஒவ்வொரு வேளையும் மீன், முட்டை, பருப்பு என்று புரதத்தை முதலில் உண்டு, மாச்சத்தை இறுதியில் கொஞ்சமாக எடுப்பது. நடுக்கம் வரும்போது உடனடியாக இனிப்பு தேவைதான். ஆனால் அதோடு புரதம் கொஞ்சமும் சேர வேண்டும், அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன கணக்கைப் பார்த்த பிறகு மனம் கொஞ்சம் இலேசானது. என்னைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று, இரவில் படுத்தால் நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் வருகின்றன; எழும்பி இரண்டு கிறீம் கிறேக்கர் உண்டு அரைக் கோப்பை பால் குடித்தால் அடங்குகிறது. மற்றது, செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் மரக்கறிதான். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும், கந்தசஷ்டியிலும் மச்சம் தொடுவதில்லை. அந்த நாட்களில் வல்லாரையும் பூசணியும் சொதியும் சோறும்தான். சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தும் நிறை குறைவதில்லை என்பது எனக்குப் புதிராக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

நெஞ்செரிவைச் சொன்னது மிக நல்லது. ஸ்லீவ் செய்தவர்களில் கணிசமானோருக்கு இது வருகிறது. பிஸ்கட்டும் பாலும் அமிலத்தைச் சற்று நேரம் அடக்குவதால் இரவில் எழுந்து உண்பது பழக்கமாகிவிடுகிறது. நிறை கூடக் கூட வயிற்றின் அழுத்தம் கூடி நெஞ்செரிவும் கூடுகிறது. இந்த வட்டத்தை மனவலிமையால் உடைக்கச் சொல்வது அநியாயம். நெஞ்செரிவுக்கு மருந்து எடுத்து, எண்டோஸ்கொப்பி செய்து பார்க்க வேண்டும். மருந்துக்கும் அடங்காத கடும் நெஞ்செரிவோடு நிறையும் ஏறியிருப்பவர்களுக்கு ஸ்லீவை பைபாஸாக மாற்றும் இரண்டாவது சத்திரசிகிச்சை பற்றி வைத்தியர்கள் யோசிப்பதுண்டு. இரண்டாவது சத்திரசிகிச்சையில் சிக்கல்கள் முதலாவதைவிடக் கூடுதலாக வரக்கூடும் என்பதால், அது எல்லோருக்கும் முதல் மருந்தாகாது.

மரக்கறி நாட்களைப் பற்றி: உங்களைப் போன்றவர்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவை என்பது பொதுவான வழிகாட்டல். நீங்கள் எழுதிய சாப்பாட்டில் அதன் கால்வாசி இருந்தாலே பெரிது. புரதம் குறைந்தால் பசி சீக்கிரம் வரும், தசையும் கரையும். தசை கரைந்தால் உடல் செலவிடும் சக்தி இன்னும் குறையும். விரதத்தை விடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைத் தட்டில் சொதிக்குப் பதிலாகக் கெட்டியாக வைத்த பருப்பும், அவித்த கடலையோ பயறோ, சோயா மீற் கறியும், சீனி சேர்க்காத தயிரும் இருக்கட்டும். 100 கிராம் அவித்த கடலையில் 9 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. மீன் உண்ணும் நாட்களில் உள்ளங்கை அளவு மீன் துண்டு ஒன்றே 20 கிராமைத் தாண்டிவிடும் என்பதால் வேலை எளிது. சஷ்டியில் பாலும் வாழைப்பழமும் மட்டும் என்றால் அது பெரும்பாலும் சீனிச்சத்துத்தான். சஷ்டி முடிந்த பிறகு எழும் பசியையும் கணக்கில் எடுங்கள். குருதியில் சீனி ஏறியிருக்கும் இந்த ஆண்டு, ஒருவேளை உணவோடு விரதமிருப்பது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். முருகன் கோபிக்க மாட்டார் என்று நான் மனதார நம்புகிறேன்.

தெமட்டகொடை உம்மா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். விரதப் பேச்சு வந்ததால் நோன்பைப் பற்றியும் சொல்கிறேன். எனக்கு ஸ்லீவ் நடந்த பிறகு நோன்பு பிடிக்கலாமா என்று முதலில் வைத்தியரிடம் கேட்டுத்தான் முடிவெடுத்தேன். சத்திரசிகிச்சைக்கு அடுத்து வரும் மாதங்களில் தண்ணீர் போதாமல் போகும் அபாயம் இருப்பதால் அப்போது வேண்டாம் என்றார்கள். பிறகு பிடித்த ஆண்டுகளில் நிறை ஏறுவதைக் கண்டேன். காரணம் இஃப்தார். பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, சமோசா, கட்லட், பலூடா என்று மஃரிபிலிருந்து படுக்கும்வரை சிறிது சிறிதாக உண்டுகொண்டே இருப்போம். இப்போது ஒரு பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் நோன்பைத் திறந்துவிட்டு, தொழுகை முடித்து, கோழியோ மீனோ உள்ள ஒரு சாப்பாட்டை உட்கார்ந்து உண்கிறேன். விடியுமுன் உண்ணும் சஹரில் முட்டை. பொரித்தவை விருந்தினருக்கு. சகோதரி, கிளினிக்குக்குத் தனியே போகப் பயமாக இருந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். என் மகள் கூட வந்தபோது எனக்குக் கேள்வி கேட்கத் தைரியம் வந்தது.

கல்கிசை மாணவன் எழுதியது:

அன்ரி, ஊசியைப் பற்றி என் அம்மாவின் அனுபவத்தை எழுதுகிறேன். அம்மாவுக்கும் பைபாஸுக்குப் பிறகு நிறை திரும்பியது. தெரிந்தவர் ஒருவர் மூலமாக, வைத்தியரின் பரிந்துரை இல்லாமல் ஊசி வாங்கினோம். முதல் வாரங்களில் பசியே இல்லை. கஞ்சியும் தேநீருமாக நாட்கள் போயின. நிறை வேகமாக இறங்கியது, ஆனால் எழும்பி நடக்கவே களைப்பு, வாந்தி, தலைமுடியும் கொட்டியது. ஊசியின் விலை தாங்காமல் நிறுத்தியதும் நிறை திரும்பி வந்தது. இப்போது ஹோர்மோன் நோய்களைப் பார்க்கும் அகஞ்சுரப்பியியல் வைத்தியரின் மேற்பார்வையில் குறைந்த அளவில் தொடங்கி, புரதத்தையும் விற்றமின்களையும் கவனித்து எடுக்கிறார். இந்த முறை உடல்நிலை சீராக இருக்கிறது. ஊசி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தனியாகச் செய்யக்கூடிய காரியமில்லை அது.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தம்பி எழுதியதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். லிரகுளுடைட், செமகுளுடைட், டிர்செப்படைட் ஆகிய பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகள் உண்மையிலேயே பயன் தருகின்றன. சத்திரசிகிச்சைக்குப் பிறகு போதிய பலன் காணாதவர்களுக்கு லிரகுளுடைட் கொடுத்து லண்டனில் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2023 இல் வெளியானது. 24 வாரங்களில் மருந்து எடுத்தவர்கள் தங்கள் நிறையில் 9 வீதம் அளவில் குறைத்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களிடம் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. ஆனால் இது பிரஷர் மாத்திரையைப் போன்றது: எடுக்கும்வரை வேலை செய்யும். ஆகவே எத்தனை ஆண்டுக்கு வாங்க முடியும் என்பதைத் தொடங்கும் முன்பே குடும்பமாக இருந்து பேச வேண்டும். குளிரில் வைத்துக் கொண்டுவரப்பட்டதா என்று தெரியாத ஊசியைக் கைமாற்றாக வாங்கவே வாங்காதீர்கள்.

பம்பலப்பிட்டி கணக்காளர் எழுதியது:

நெஞ்செரிவு, சீனி வீழ்ச்சி, மருந்துகள் பற்றிய செய்திகள் எனக்கும் புதியவை. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே உணவுத் திட்டம் என்ற வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், உடற்பயிற்சி. கொழும்பு வெயிலில் பகலில் நடக்க முடியாது. விடிகாலையில் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியுள்ள நடைபாதையிலோ, உங்கள் பக்கத்தில் மரைன் டிரைவிலோ நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவான இலக்கு. நடையால் மட்டும் பெருமளவு நிறை இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இறங்கியதை நிறுத்திவைக்க அது உதவுகிறது. தசையைக் காக்க வாரத்தில் இரண்டு நாளாவது பாரம் தூக்கும் பயிற்சி வேண்டும். முழங்கால் நோவு உள்ளவர்கள் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதிலிருந்து தொடங்கலாம். மதுவைப் பற்றி ஆண்களுக்கு ஒரு சொல்: பைபாஸுக்குப் பிறகு மது குருதியில் வேகமாக ஏறும், பழக்கமாகும் அபாயமும் கூடும், கலோரியும் கூடும்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அடுத்த வாரத்துக்குக் கிளினிக்கில் நாள் எடுத்துவிட்டேன். தங்கையும் கூட வருகிறாள். நெஞ்செரிவு எந்தெந்த நேரத்தில் வருகிறது, அப்போது என்ன உண்கிறேன் என்பதைக் கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஐந்து நாள் திரவ உணவை விட்டுவிட்டேன். இன்னொரு கேள்வி: விற்றமின், இரும்பு, கல்சியம் மாத்திரைகள் மூன்றையும் காலைத் தேநீரோடு ஒன்றாக எடுத்துவருகிறேன். அது சரியா?

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

ஒன்றாக எடுக்க வேண்டாம். கல்சியம் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் விடுங்கள். தேநீரும் இரும்பைத் தடுக்கும். இரும்பு மாத்திரையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீரோடு எடுங்கள்; ஆனால் நெஞ்செரிவு அடங்கும்வரை தேசிக்காய் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். கல்சியத்தில் சிற்றேற்று வகை உங்களுக்குப் பொருத்தமானது. அமிலம் குறைந்த இரைப்பையிலும் அது உறிஞ்சப்படும். நெஞ்செரிவு மருந்தை நீண்ட நாள் எடுக்க நேர்ந்தால் பி12 இன்னும் குறையக்கூடும் என்பதால், ஊசியாகத் தர வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பரிசோதனை முடிவுகளின் பிரதியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.